மெமரி கார்டை வெடுக்கென்று உருவலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டை லேப்டாப்பில் செருகிப் படங்களை காப்பி செய்கிறேன். வேலை முடிந்ததும் அப்படியே உருவிவிடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு எதற்கு அந்த ‘சேப்லி ரிமூவ்’ எல்லாம்?"

ஒன்றும் ஆகாதவரை இந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். என் மைத்துனர் வீட்டில் ஆகிவிட்டது. பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்கள், மொத்தம் 340. ஆல்பம் போடுவதற்காக ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் பையன் உபுண்டு லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். மைத்துனர் படங்கள் இருந்த போல்டரை கட் செய்து மெமரி கார்டில் பேஸ்ட் செய்தார். காப்பி அல்ல, கட். திரையில் பச்சைக் கோடு வேகமாக ஓடி முடிந்தது. உடனே கார்டை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டுடியோவில் கார்டைத் திறந்தால் போல்டர் இருக்கிறது, பைல்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் 212 படங்கள் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கிலும் படங்கள் இல்லை. கட் செய்தாயிற்றே!

அந்தப் படங்கள் என்ன ஆயின என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், காப்பி முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்ன பிறகும் காப்பி முடியாமல் இருந்தது எப்படி என்று பார்க்கலாம்.

முடிந்தது என்றால் முடிந்துவிட்டதா?

நீங்கள் ஒரு கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுகிறீர்கள். உங்கள் வேலை முடிந்தது. ஆனால் கடிதம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தபால்காரர் வந்து எடுத்துப் போய்க் கொடுத்தால்தான் உரியவர் கைக்குப் போகும். கம்ப்யூட்டரில் பைலை எழுதுவதும் இப்படித்தான். மெமரி கார்டும் பென் டிரைவும் ராம் மெமரியுடன் ஒப்பிட்டால் மிகவும் மெதுவானவை. ஒவ்வொரு முறையும் அவை எழுதி முடிக்கும் வரை காத்திருந்தால் நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும். எனவே ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுத வேண்டிய தகவலை ராம் மெமரியில் ஓர் இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று புரோகிராமிடம் சொல்லிவிடுகிறது. பிறகு வசதியான நேரத்தில் கார்டுக்கு அனுப்புகிறது. இந்த இடைக்காலக் கிடங்குக்கு ரைட் கேஷ் என்று பெயர்.

லினக்ஸில் இந்தத் தபால்காரர் வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பார். 30 வினாடிக்கு மேல் காத்திருக்கும் தகவல்களை எடுத்துக்கொண்டு போவார். கிடைக்கக்கூடிய மெமரியில் ஏறத்தாழ 10 சதவீதம் நிரம்பிவிட்டால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் உடனே வேலையைத் தொடங்குவார். நிறைய ராம் உள்ள கம்ப்யூட்டரில் சில நூறு எம்.பி. தகவல் கார்டுக்குப் போகாமல் மெமரியிலேயே உட்கார்ந்திருக்க இந்த ஏற்பாடு தாராளமாக இடம் கொடுக்கும். மைத்துனர் பார்த்த பச்சைக் கோடு, படங்கள் தபால் பெட்டிக்குள் விழுந்த வேகத்தைத்தான் காட்டியது. கார்டில் எழுதப்பட்ட வேகத்தை அல்ல.

இந்தத் தொல்லை புதியது அல்ல. 1993ல் எம்.எஸ். டாஸ் 6 வந்தபோது அதிலிருந்த ஸ்மார்ட் டிரைவ் என்ற புரோகிராம் இதே வேலையைச் செய்தது. டாஸ் பிராம்ப்ட் வந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று பலர் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். எழுதப்படாத தகவல் போயே போய்விட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 6.2 பதிப்பில் மைக்ரோசாப்ட் இதைத் திருத்தியது. கேஷில் உள்ளதெல்லாம் டிஸ்க்குக்குப் போன பிறகுதான் பிராம்ப்ட் திரும்பக் கிடைக்கும்படி மாற்றினார்கள்.

ஆப்பிள் நிறுவனம் இதற்கும் முன்பே வேறு வழி கண்டிருந்தது. 1984ல் வந்த மேக்கின்டாஷின் பிளாப்பி டிரைவில் வெளியே எடுக்கும் பட்டனே கிடையாது. பிளாப்பியைக் குப்பைத் தொட்டி ஐகான் மீது இழுத்துப் போட்டால், சிஸ்டம் தன் வேலையை முடித்துவிட்டு மோட்டாரால் தானே வெளியே தள்ளும். குப்பைத் தொட்டியில் போட்டால் பைல்கள் அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் பயந்தது வேறு கதை. மெமரி கார்டுக்கு இப்படி ஒரு பூட்டு கிடையாது. விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் வெளியே தள்ளிவிடும். கம்ப்யூட்டரின் அனுமதி யாருக்கு வேண்டும்?

கார்டுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

எஸ்.டி. கார்டு 1999ல் சான்டிஸ்க், பானாசோனிக், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அறிமுகப்படுத்தியது. பார்க்கத் தபால்தலை போல இருந்தாலும், அதற்குள் பிளாஷ் மெமரி சிப்புடன் ஒரு சிறிய கன்ட்ரோலரும் இருக்கிறது. பிளாஷ் மெமரியில் ஒரு குறை உண்டு. எழுதிய இடத்தில் நேராக மேலே எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கே.பி. அளவுள்ள பக்கங்களாக, அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்குகளாக. எனவே நீங்கள் ஒரு சிறிய பைலை எழுதினாலும், கன்ட்ரோலர் பழைய பிளாக்கில் உள்ளவற்றை வேறு இடத்திற்கு மாற்றி, எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையையும் திருத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? எழுதிக்கொண்டிருந்த பைல் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பக்கத்தில் சும்மா இருந்த பழைய பைலும் போகலாம். அட்டவணையே கெட்டுவிட்டால் கார்டு திறக்காமலே போகலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டு ஒரு தகவல் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு "பிசி, பிசி" என்று சொல்லும். எஸ்.டி.எச்.சி. கார்டு இப்படி 250 மில்லி செகண்ட் வரையும், எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டு 500 மில்லி செகண்ட் வரையும் சொல்ல விதிகளில் இடம் உண்டு. அரை வினாடி என்பது நமக்குக் கண் சிமிட்டும் நேரம். ஆனால் கார்டை உருவும் கைக்கு அதுவே போதும்.

இதற்கு மேல் பேட் என்ற பைல் சிஸ்டம் இருக்கிறது. 32 ஜி.பி. வரையிலான கார்டுகள் பேட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்பேட் முறையிலும் பார்மட் செய்யப்பட்டு வருகின்றன. பேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. பைலின் பெயர் ஓரிடத்தில், அதன் துண்டுகள் எந்தெந்த இடத்தில் உள்ளன என்ற சங்கிலி இன்னோரிடத்தில், பைலின் உள்ளடக்கம் மூன்றாவது இடத்தில். மூன்றும் ஒரே கணத்தில் எழுதப்படுவதில்லை. பெயர் எழுதியாகி, உள்ளடக்கம் எழுதுமுன் கார்டு போனால்? மைத்துனருக்கு நடந்தது அதுதான். பெயர் தெரியும், படம் திறக்காது. லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் உள்ள என்.டி.எப்.எஸ். போன்றவை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகு செய்கின்றன. இடையில் கரண்ட் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து நிமிர்ந்துகொள்ளும். பேட் முறையில் அந்தக் குறிப்பேடு இல்லை. "சரியாக மூடப்படவில்லை" என்று காட்டும் ஒரு சிறிய அடையாளம் மட்டும் உண்டு. கார்டைச் செருகியதும் "இந்த டிரைவில் பிரச்னை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரி செய்யவும்" என்று விண்டோஸ் சொல்கிறதல்லவா? அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

உருவிய அந்தக் கணத்தில் டிரைவர் என்ன செய்கிறது?

இந்தப் பகுதி கொஞ்சம் உள்ளே போகும். பயப்பட வேண்டாம்.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் இதயம். அதில் ஒவ்வொரு சாதனத்துடனும் பேசுவதற்கென்று உள்ள புரோகிராம்தான் டிரைவர். மெமரி கார்டின் டிரைவரை எழுதுபவருக்கு ஒரு தலைவலி உண்டு. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கும். கார்டோ, எந்த நொடியிலும் காணாமல் போகும். பாதி வாக்கியம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் எழுந்து போய்விட்டால் எப்படி? அப்படி ஒரு நிலை. லினக்ஸின் டிரைவர் நிரல்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அங்கே பார்க்க முடிகிறது.

லேப்டாப்பின் கார்டு ஸ்லாட்டுக்குள், கார்டு இருக்கிறதா என்று காட்டும் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. கார்டை இழுத்ததும் சுவிட்ச் நகர்ந்து கெர்னலுக்கு மணி அடிக்கிறது. ஆனால் டிரைவர் உடனே நம்பிவிடுவதில்லை. சுவிட்ச் உலோகத் தகடு. நகரும்போது சில முறை துடிக்கும். கார்டு போய்விட்டது, வந்துவிட்டது, போய்விட்டது என்று மாறி மாறிச் சொல்லும். எனவே வழக்கமாக 200 மில்லி செகண்ட் பொறுத்திருந்து, பிறகு கார்டிடமே "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. எஸ்.டி. விதிகளில் நிலையைக் கேட்கும் 13ம் எண் கட்டளை இதற்குப் பயன்படுகிறது. பதில் வந்தால் கார்டு இருக்கிறது. வராவிட்டால் போய்விட்டது. சுவிட்சே இல்லாத ஸ்லாட்டுகளும் உண்டு. அவற்றில் டிரைவர் வினாடிக்கு ஒருமுறை தானே போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை. சிலர் பயபக்தியுடன் கார்டை மிக மெதுவாக இழுப்பார்கள். அப்போது சுவிட்ச் நகர்ந்துவிடும். ஆனால் கார்டின் தங்க நிறத் தகடுகள் இன்னும் ஸ்லாட்டின் ஊசிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுவிட்ச் "போய்விட்டது" என்கிறது, கார்டு "இங்கேதான் இருக்கிறேன்" என்று பதில் சொல்கிறது! லினக்ஸ் நிரலில் இதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. "கார்டு மிக மெதுவாக அகற்றப்பட்டது" என்று குறித்துக்கொண்டு, இன்னொரு 200 மில்லி செகண்ட் கழித்து மறுபடி சோதிக்கிறது. மெதுவாக இழுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

கார்டு போனது உறுதியானதும் டிரைவர் அதன் மேல் "அகற்றப்பட்டது" என்று ஒரு முத்திரை குத்துகிறது. சிறிய வேலைதான், ஆனால் இது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தொங்கிப்போகும். பெரும்பாலான லேப்டாப்களின் எஸ்.டி. கன்ட்ரோலர்களுக்குப் பொதுவாக உள்ள லினக்ஸ் டிரைவர், ஒரு கட்டளைக்குப் பதில் வராவிட்டால் 10 வினாடி வரை காத்திருக்கும். வரிசையில் நூறு எழுத்து வேலைகள் நிற்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இல்லாத கார்டுக்குக் காத்திருந்து தோற்றால் கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும். முத்திரை குத்திவிட்டால் கார்டிடம் போகாமலே எல்லாம் உடனுக்குடன் பிழையுடன் திரும்பிவிடுகின்றன. நடுவழியில் சிக்கிய வேலைக்கு "கார்டு இல்லை" என்ற பிழை எண்ணைக் கொடுத்து, கன்ட்ரோலரின் கட்டளைப் பகுதியையும் தகவல் பகுதியையும் ரீசெட் செய்கிறது.

அடுத்து வருவது டிரைவர் எழுதுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம். கார்டு போய்விட்டது, சரி, அதற்காக மெமரியில் ஒதுக்கிய இடத்தைக் காலி செய்துவிடலாமா? கூடாது. ஏதாவது ஒரு புரோகிராம் அந்தக் கார்டில் உள்ள பைலை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். காலி செய்த பிறகு அது அந்த இடத்தைத் தொட்டால் கெர்னலே விழுந்துவிடும்; விண்டோஸில் என்றால் நீலத் திரை. எனவே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று டிரைவர் ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. கல்யாண மண்டபம் போல. மாப்பிள்ளை பெண் கிளம்பிவிட்டாலும் கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனால்தான் இடம் காலி.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. நீங்கள் ஒரு கார்டை உருவி, அடுத்த நொடியே வேறு கார்டைச் செருகுகிறீர்கள். ஸ்லாட் அதேதான். முதல் கார்டுக்கு எழுத வேண்டிய மிச்சம் இன்னும் மெமரியில் இருக்கிறது. அது இரண்டாவது கார்டில் எழுதப்பட்டால்? ஒரு பாவமும் அறியாத கார்டின் பொருளடக்கம் நாசம். அதனால்தான் பழைய கார்டுக்கான வேலைகளை டிரைவர் தூக்கி எறிந்துவிடுகிறது. உங்கள் தகவலை இழப்பது குறைந்த தீமை, தவறான கார்டில் எழுதுவது பெரிய தீமை என்பது கணக்கு. சரியான கணக்கு என்றே நான் நினைக்கிறேன். பிளாப்பி காலத்தில் டாஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இதற்காகவே டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்த்து, "தவறான டிஸ்க் மாற்றம்" என்று கூச்சலிட்டு, பழைய பிளாப்பியைத் திரும்பக் கேட்கும்.

மூடி வைத்த லேப்டாப்

லேப்டாப்பை மூடித் தூங்க வைத்துவிட்டீர்கள். கெர்னலும் தூங்குகிறது. இப்போது கார்டை எடுத்தால் மணி அடித்தாலும் கேட்க ஆள் இல்லை. மறுபடி திறக்கும்போது ஸ்லாட்டில் ஒரு கார்டு இருக்கிறது. அது பழைய கார்டுதானா?

ஒவ்வொரு எஸ்.டி. கார்டுக்கும் 128 பிட் நீளமுள்ள அடையாளம் உண்டு. தயாரிப்பாளர், பொருளின் பெயர், சீரியல் எண், தயாரித்த மாதம், வருடம் எல்லாம் அதில் இருக்கும். லினக்ஸ் விழித்ததும் இதைப் படித்து ஒப்பிடுகிறது. வேறு கார்டு என்றால் பழையதை ஏற்க மறுத்துவிடும். நல்லதுதான். ஆனால் இடையில் அதே கார்டைக் கேமராவில் போட்டு முப்பது படம் எடுத்துவிட்டு, அதே ஸ்லாட்டில் திரும்பச் செருகியிருந்தால்? அடையாளம் பொருந்துகிறது. கெர்னல் தன் நினைவில் உள்ள பழைய பொருளடக்கமே இன்னும் சரி என்று நம்புகிறது. கார்டில் இருப்பதோ புதிய பொருளடக்கம். இந்த நிலையில் நீங்கள் கார்டில் ஒரு பைலை எழுதினால் போதும். புதிய முப்பது படங்கள் இருந்த இடத்தைக் காலி இடம் என்று நினைத்து அதன் மேலேயே எழுதும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பழைய லினக்ஸ் கெர்னல்களில் தூங்கப் போகும் முன் கார்டை அகற்றப்பட்டதாகவே கருதி, விழித்ததும் புதிதாகக் கண்டுபிடிப்பது வழக்கம். கார்டு அங்கேயே இருந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு விருப்பமும் இருந்தது. அதன் பெயரிலேயே ‘அன்சேப்’ என்ற சொல்லை வைத்திருந்தார்கள். எனவே லேப்டாப்பை மூடும் முன் கார்டை முறையாக வெளியே எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

விண்டோஸ் செய்வது

விண்டோஸ் 2000ம், எம்.இ.யும் ஒரு சாதனத்தைச் சொல்லாமல் பிடுங்கினால் ‘பாதுகாப்பற்ற அகற்றல்’ என்று ஒரு டயலாக் பாக்ஸைக் காட்டித் திட்டும். விண்டோஸில் அகற்றுவதற்கு இரண்டு பாதைகள். நீங்கள் முறைப்படி கேட்டால், "எடுக்கலாமா?" என்று விண்டோஸ் சம்பந்தப்பட்ட டிரைவர்களையும் புரோகிராம்களையும் கேட்கும். யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் நின்றுவிடும். சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இப்போது நிறுத்த முடியாது என்று எரிச்சலூட்டும் செய்தி வருவது இதனால்தான். பிடுங்கிவிட்டால் கேள்வி கிடையாது. போய்விட்டது என்ற அறிவிப்பு மட்டும் போகும். கேஷில் மிச்சம் இருந்தால், எழுத முடியவில்லை, தகவல் இழக்கப்பட்டது என்ற ‘டிலேய்டு ரைட் பெயில்டு’ செய்தியைப் பார்க்கலாம். எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும்.

எந்தப் புரோகிராம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவர் திறந்திடுங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். கெர்னல் பி.என்.பி. என்ற பெயரில் 225 எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். தடுத்த புரோகிராமின் பெயர் அதில் இருக்கும். பெரும்பாலும் திறந்து வைத்து மறந்துபோன ஒரு படமாகவோ, ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் ஆன்டி வைரஸாகவோதான் இருக்கும்.

2018ல் வந்த விண்டோஸ் 10ன் 1809 பதிப்பில் மைக்ரோசாப்ட் ஒரு மாற்றம் செய்தது. வெளியே இணைக்கும் டிஸ்க்குகளுக்கு ‘குயிக் ரிமூவல்’ என்ற முறையையே மாறா நிலையாக வைத்தது. இதில் எழுதும் தகவல் கேஷில் தங்குவதில்லை. வேகம் கொஞ்சம் குறையும்; பாதுகாப்பு கூடும். 1993ல் டாஸில் செய்த அதே சமரசம்! உங்கள் கம்ப்யூட்டரில் எது உள்ளது என்று பார்க்க, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பிரிவைத் திறந்து, கார்டு ரீடரின் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். பாலிசீஸ் டேபில் ‘குயிக் ரிமூவல்’, ‘பெட்டர் பெர்பார்மன்ஸ்’ என இரண்டு இருக்கும். முதலாவது தேர்வாகி இருந்தால் நல்லது. ஆனால் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதோ, கார்டு தனக்குள் "பிசி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதோ உருவினால் இந்த முறையும் காப்பாற்றாது. ரீடரில் விளக்கு இருந்தால் அது மின்னுவது நின்றபின் ஓரிரு வினாடி பொறுங்கள்.

யு.எஸ்.பி. கார்டு ரீடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ‘சேப்லி ரிமூவ் ஹார்ட்வேர்’ ஐகான் மூலம் நிறுத்தினால், சில ரீடர்கள் முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அடுத்த கார்டைச் செருகினால் ஒன்றும் தெரியாது. ரீடர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். ரீடரைப் பிடுங்கி மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். கார்டை மட்டும் எடுக்க வேண்டுமானால், பைல் எக்ஸ்புளோரரில் அந்த டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து ‘ஈஜெக்ட்’ கொடுங்கள். லினக்ஸில் பைல் மேனேஜரில் கார்டின் பெயருக்கு அருகே உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்திடுங்கள். தகவல் எழுதப்படுகிறது, பிடுங்க வேண்டாம் என்று செய்தி வந்தால் அது மறையும் வரை பொறுமையாக இருங்கள்.

இன்னொரு எளிய வழி. பெரிய எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் சிறிய பூட்டு உள்ளது. மைக்ரோ எஸ்.டி. கார்டில் இல்லை, அதன் அடாப்டரில் உண்டு. அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளினால் பெரும்பாலான ஸ்லாட்டுகள் கார்டில் எழுத மறுத்துவிடும். கேமராவிலிருந்து படங்களை எடுக்க மட்டும் செய்பவர்கள் பூட்டியபடியே செருகலாம். எழுதவே இல்லை என்றால் பாதியில் நிற்க என்ன இருக்கிறது? ஆனால் பூட்டு வெறும் பிளாஸ்டிக் துண்டுதான், அது எந்த நிலையில் உள்ளது என்று கார்டுக்கே தெரியாது. ஸ்லாட்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காத மலிவு ரீடர்களில் பயன் இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் சென்று கார்டை ஈஜெக்ட் செய்த பிறகே எடுக்கவும். போனின் உள் மெமரி போலவே சேர்த்துப் பயன்படுத்தும்படி கார்டை பார்மட் செய்திருந்தால் (2015ல் ஆண்ட்ராய்டு 6ல் வந்த வசதி இது) கார்டை எடுக்கவே வேண்டாம். அதில் உள்ளவை சங்கேத முறையில் பூட்டப்பட்டிருக்கும். சாவி அந்தப் போனில் மட்டுமே இருக்கும். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ படிக்க முடியாது.

உருவியாயிற்று, இனி?

கார்டில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். கேமராவில் போட்டு "ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே" என்று சோதிக்கவும் வேண்டாம். பார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். திறக்கும் பைல்களை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்திடுங்கள். அதன் பிறகுதான் ஸ்கேன். ஏனெனில் செக்டிஸ்க் புரோகிராம் பொருளடக்கத்தைத்தான் ஒழுங்குபடுத்தும்; உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை ‘பவுண்ட்’ என்ற பெயரில் தொடங்கும் போல்டரில் எண் போட்ட பைல்களாக வைத்துவிட்டுப் போய்விடும்.

மைத்துனரின் படங்களுக்கு வருவோம். கார்டில் அவை எழுதப்படவே இல்லை. எனவே கார்டை நோண்டிப் பயனில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு பைலை அழித்தால் அதன் பெயரும் இருப்பிடக் குறிப்பும்தான் நீங்கும். உள்ளடக்கம் மேலெழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். நல்ல வேளையாக அது பழைய லேப்டாப், சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. டிஸ்க்காக இருந்தால், அழித்த இடங்களை ஆப்பரேட்டிங் சிஸ்டம் ட்ரிம் என்ற கட்டளை மூலம் தெரிவித்து உண்மையிலேயே காலி செய்யவைத்திருக்கும். லேப்டாப்பை உடனே அணைக்கச் சொன்னேன். ஒரு பென் டிரைவிலிருந்து வேறு லினக்ஸை பூட் செய்து, போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட்டினோம். இது பெயர்களையோ பொருளடக்கத்தையோ பார்ப்பதில்லை. டிஸ்க் முழுக்கத் தேடி, ஜேபெக் படம் தொடங்கும்போது வரும் குறிப்பிட்ட பைட்டுகளைக் கண்டதும் அங்கிருந்து படத்தை வெட்டி எடுக்கும். மீட்டவற்றை வேறு ஒரு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும், அதே டிஸ்க்கில் அல்ல.

இரவு பத்து மணிக்குத் தொடங்கியது, விடியும்போது முடிந்தது. இணையத்தில் பார்த்த படங்கள், பையன் டவுன்லோடு செய்த நடிகர் படங்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன, எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். மைத்துனரும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தார்கள். 212ல் 195 கிடைத்தன. கிடைக்காத 17ல் பெண்ணின் பாட்டி மோதிரம் எடுத்துக் கொடுக்கும் படமும் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் யாராவது செல்போனில் எடுத்திருக்கிறார்களா என்று இப்போதும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.